போடிமெட்டுத் தோட்டப் பாதையில் சூடேறும் எம்.எம். 540: ரேடியேட்டர் விசிறி எத்தனை அங்குலம் இருக்க வேண்டும்?

போடி_540

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின் கொண்ட மஹிந்திரா எம்.எம். 540 ஜீப். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போடிமெட்டை அடைந்து, அங்கிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதையில் வாரத்துக்கு இரண்டு நாள் ஓடுகிறது. தார்ச்சாலையில் மெட்டு ஏறும்வரை சூடு 85 டிகிரியைத் தாண்டுவதில்லை. தோட்டப் பாதையில் ஃபோர் வீல் லோவில் (நான்கு சக்கரங்களும் மெதுவாக, அதிக இழுவையோடு சுழலும் நிலையில்) முதல் கியரில் 20 நிமிடம் ஏறினால் மட்டும் முள் 105 வரை போய்விடுகிறது. வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்த பிறகே மேற்கொண்டு ஏற முடிகிறது.

எட்டு மாதங்களுக்கு முன் வாட்டர் பம்ப் மாற்றியபோது, அதன் முகப்பில் அமர்ந்து பெல்ட்டால் சுற்றும் பழைய விசிறியில் விரிசல் இருந்ததால் பட்டறையில் வேறொரு வண்டியின் விசிறியைப் போட்டுக் கொடுத்தார்கள். அது 14 அங்குலம், நான்கு இறக்கை. இந்தத் தொல்லை அதன் பிறகுதான் தொடங்கியது. உதிரிபாகக் கடையில் விசாரித்தபோது, 17 அங்குலத்தில் ஏழு இறக்கை கொண்ட பிளாஸ்டிக் விசிறி ஒன்றைக் காட்டி, பெரிதாகப் போட்டால் சூடு தானாக இறங்கிவிடும் என்றார்கள். வாங்கிவிடலாமா, அல்லது இதற்குச் சரியான அளவு என்று ஒன்று உண்டா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டும் அப்போதே கழற்றப்பட்டுவிட்டது என்பதையும் குறிப்பிட்டு விடுகிறேன்.

உசிலை_பட்டறை

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. சாலையில் வேகமாகப் போகும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், ஹெட் கேஸ்கெட் என்று தேட வேண்டும். சாலையில் சரியாக இருந்து, ஊர்ந்து ஏறும்போது மட்டும் சூடேறினால் பெரும்பாலும் காற்றுப் பற்றாக்குறைதான். ஆகவே விசிறியைச் சந்தேகிப்பது சரி. ஆனால் கடைக்காரர் காட்டியதை அளவு எடுக்காமல் வாங்கிவிட வேண்டாம்.

முதலில் ரேடியேட்டரின் மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் விட்டுவிட்டு, செதில்கள் இருக்கும் வலைப்பகுதியின் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் அளந்து எழுதுங்கள். பிறகு பம்பின் மையத்திலிருந்து வலையின் மேல் விளிம்பு வரையிலும், கீழ் ஹோஸ் வளைந்து மேலேறும் இடம் வரையிலும் உள்ள தூரம் வேண்டும். விசிறிக்கும் வலைக்கும் இடையிலுள்ள இடைவெளி, கிராங்க் புல்லி, பம்ப் புல்லி ஆகியவற்றின் விட்டம், விசிறி அமரும் நான்கு போல்ட்டுகளின் வட்டம், நடுத்துளையின் அளவு ஆகியவையும் தேவை. ஃபேன் கவுல் என்று நாம் சொல்லும் தகட்டு உறை வண்டியில் இருக்கிறதா என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அதைக் கழற்றுவதால் ரேடியேட்டரின் திறன் கூடுவதில்லை. காலையில் இன்ஜின் சூடேறத் தாமதமாகி, டீசலும் தேய்மானமும்தான் கூடும்.

கொடை_மலையேறி

நான் இதே வண்டியில் பம்ப் விசிறியை அகற்றிவிட்டு, 16 அங்குல மின்விசிறி பொருத்தி நான்கு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். ஊர்ந்து ஏறும்போது இன்ஜின் குறைந்த சுற்றில் ஓடுகிறது, அதனுடன் பெல்ட்டில் பிணைந்த விசிறியும் மெதுவாகச் சுற்றுகிறது. அதிகக் காற்று தேவைப்படும் அந்த நேரத்தில் அது குறைந்த காற்றையே தருகிறது என்பதுதான் பம்ப் விசிறியின் அடிப்படைக் குறை. மின்விசிறிக்கு இன்ஜினின் வேகம் ஒரு பொருட்டல்ல. நான் வாங்கியதன் பெட்டியில் நிமிடத்துக்கு 2500 கன அடி என்று அச்சிட்டிருந்தது. இவருடைய சிக்கலுக்கு இதுவே நேரான தீர்வு என்று நினைக்கிறேன்.

போடி_540

கேட்ட அளவுகளை இன்று மாலை எடுத்தேன். வலைப்பகுதி 17 அங்குல அகலம், பதினாறரை அங்குல உயரம். பம்பின் மையத்திலிருந்து வலையின் மேல் விளிம்புக்கு ஏழேகால் அங்குலம், கீழ் ஹோஸின் வளைவுக்கு ஒன்பதரை அங்குலம். விசிறிக்கும் வலைக்கும் நடுவே இரண்டேகால் அங்குல இடைவெளி இருக்கிறது. கிராங்க் புல்லி ஐந்தேகால், பம்ப் புல்லி நாலேமுக்கால். போல்ட் வட்டத்தையும் நடுத்துளையையும் ஒரு அட்டையில் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

கவுல் இல்லை. ரேடியேட்டரின் இரு பக்கச் சட்டங்களிலும் அதற்கான திருகுத் துளைகள் காலியாக இருக்கின்றன. முன்பு இருந்து, எப்போதோ கழற்றி எறியப்பட்டிருக்க வேண்டும்.

பழைய_பொறியாளர்

பணி ஓய்வுக்கு முன்பு பல ஆண்டுகள் டீசல் இன்ஜின்களின் குளிரூட்டும் பகுதியில் வேலை செய்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இன்ஜினின் பெயரிலுள்ள 4.90 என்பது 90 மி.மீ. விட்டம் கொண்ட நான்கு சிலிண்டர்களைக் குறிக்கிறது. பிஸ்டன் நகர்வு 83 மி.மீ. என்பதால் கொள்ளளவு 2112 கன செ.மீ. லோ கியரில் நிமிடத்துக்கு 1800 சுற்றில் ஏறும்போது, மிதியை முழுவதும் மிதித்தாலும் இது சுமார் 22 கிலோவாட் திறனைத்தான் தரும். மறைமுகமாக டீசல் பீச்சும் இவ்வகை இன்ஜினில், சக்கரத்துக்குப் போகும் திறனுக்கு ஏறத்தாழ நிகரான வெப்பம் தண்ணீருக்குள் இறங்கும் என்று கொள்வது பாதுகாப்பான கணக்கு. அந்த 22 கிலோவாட் வெப்பத்தையும், காற்று 30 டிகிரி சூடேறி வெளியேறும்படி எடுத்துச் செல்ல, நொடிக்கு சுமார் 0.73 கிலோ காற்று தேவை. போடிமெட்டைப் போல 1400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 13 விழுக்காடு அளவுக்குக் குறைவு என்பதால், அது நொடிக்கு முக்கால் கன மீட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1600 கன அடி ஆகிறது.

அதே காற்று உங்கள் வலையின் பரப்பு முழுவதும் புக வேண்டுமானால் நொடிக்கு 4 மீட்டர் வேகம் வேண்டும். தோட்டப் பாதையில் நீங்கள் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால், வண்டியின் ஓட்டத்தால் எதிர்வரும் காற்று நொடிக்கு 1.4 மீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி முகப்பு வலையில் மோதி விலகிப் போய்விடும். ஆகவே விசிறி ஒன்றை நம்பித்தான் அந்த ஏற்றத்தில் இன்ஜின் உயிர் பிழைக்கிறது.

இனி விட்டத்துக்கு வருவோம். ஒரே வடிவமுள்ள விசிறிகளில், காற்றின் அளவு விட்டத்தின் மும்மடிக்கும் சுழலும் வேகத்துக்கும் ஏற்பக் கூடுகிறது. அதைச் சுழற்றத் தேவைப்படும் திறன் விட்டத்தின் ஐந்தாம் மடிக்கும் வேகத்தின் மும்மடிக்கும் ஏற்பக் கூடுகிறது. 14 அங்குலத்திலிருந்து 16க்குப் போனால் காற்று ஒன்றரை மடங்கு, திறன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 17க்குப் போனால் காற்று 1.8 மடங்கு, திறனோ 2.6 மடங்கு. வேகம் இரட்டித்தால் திறன் 8 மடங்காகும் என்பதால், சமவெளிச் சாலையில் 3600 சுற்றில் ஓடும்போது பெரிய விசிறி உங்கள் பெல்ட்டின் வழியாக இழுக்கும் திறன் ஏற்றத்தில் இருப்பதைப் போல் எட்டு மடங்கு. அந்த வேகத்தில் அந்தக் காற்று உங்களுக்குத் தேவையும் இல்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. உங்கள் வலையின் பரப்பு சுமார் 280 சதுர அங்குலம். 14 அங்குல விசிறியின் வட்டம் அதில் 55 விழுக்காட்டுக்கு நேராகத்தான் நிற்கிறது. 16 என்றால் 72, 17 என்றால் 81 விழுக்காடு. பம்பின் மையம் வலையின் மேல் விளிம்பிலிருந்து ஏழேகால் அங்குலத்திலேயே இருப்பதால், 17 அங்குல விசிறியின் இறக்கை நுனி ஒன்றேகால் அங்குலம் மேல் தொட்டியின் முகத்துக்கு நேராகச் சுற்றும். அங்கே இழுப்பதற்குக் காற்று ஏது? அதே நேரத்தில் கவுல் ஒன்று இருந்தால், விசிறி எந்த அளவினதாக இருந்தாலும் அதன் இழுவிசை வலையின் நான்கு மூலைகளுக்கும் போய்ச் சேரும். கவுல் இல்லாத விசிறி, இன்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே இறக்கை நுனி வழியாகச் சுற்றி இழுத்துத் திரும்ப இன்ஜின் மேலேயே வீசிக் கொண்டிருக்கும்.

ஒரு சோதனை சொல்கிறேன். இன்ஜின் நிலையான சுற்றில் ஓடும்போது, நீண்ட குச்சியின் நுனியில் ஊதுபத்தியைக் கட்டி, கை உள்ளே போகாதபடி தள்ளி நின்று, ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவிலுள்ள பக்கவாட்டு இடைவெளியில் புகையைக் காட்டுங்கள். புகை இன்ஜின் பக்கத்திலிருந்து விசிறியின் முன்புறத்துக்கு வளைந்து ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம்.

என் முடிவு இதுதான். கவுல் இல்லாத 17ஐக் காட்டிலும் கவுல் உள்ள 16 உங்களுக்கு நன்மை செய்யும். கவுலின் வளையத்துக்கும் இறக்கை நுனிக்கும் முக்கால் அங்குலம் விட வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடுகிறது, கவுலோ சட்டத்தோடு நிற்கிறது என்பதால் அதற்குக் குறைவாக விடக்கூடாது. 16 அங்குல விசிறிக்கு வளையத்தின் ஆரம் எட்டேமுக்கால் அங்குலம். கீழ் ஹோஸுக்கு இன்னும் முக்கால் அங்குலம் மிஞ்சும். 17 என்றால் மிஞ்சுவது கால் அங்குலம்தான், ஒரு பள்ளத்தில் இறங்கினால் வளையம் ஹோஸை அறுக்கும்.

உசிலை_பட்டறை

ஐயா சொன்னதற்கு மேல் விசிறியைத் தேர்ந்தெடுப்பது பற்றி மட்டும் எழுதுகிறேன். 16 அங்குலத்தில் இரும்புத் தகடாக ஆறு இறக்கை கிடைத்தால் நல்லது. சென்னைப் பக்கம் போகிறவர் யாரேனும் இருந்தால் புதுப்பேட்டையில் தேடச் சொல்லலாம், ஆனால் அட்டை அச்சைக் கையில் கொடுத்தனுப்புங்கள். நடுத்துளை பம்பின் முகப்பில் இறுக்கமாக உட்கார வேண்டும். துளை பெரிதாக இருந்தால் போல்ட்டுகள் மட்டுமே மையத்தைத் தாங்கும், விசிறி கோணலாகச் சுற்றிப் பம்ப் பேரிங்கை ஆறு மாதத்தில் தின்றுவிடும். பழைய விசிறி வாங்குகிறவர் ஒவ்வொரு இறக்கையின் அடியிலும், ரிவெட்டைச் சுற்றிலும் விரிசல் இருக்கிறதா என்று எண்ணெய் துடைத்துப் பார்க்க வேண்டும். ஓடும்போது ஓர் இறக்கை கழன்றால் அது ரேடியேட்டரைக் கிழிக்கும், பானட்டையும் கிழிக்கும்.

சுழலும் திசையையும் பார்க்க வேண்டும். எதிர்த்திசைக்கான விசிறியை மாட்டினால் காற்று இன்ஜினிலிருந்து ரேடியேட்டரை நோக்கி வீசும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றோடு மோதி எல்லாம் வீணாகும்.

கொடை நண்பர் சொன்ன மின்விசிறி பற்றி ஒரு வார்த்தை. அது 25 ஆம்பியர் இழுக்கும். தோட்டப் பாதையில் 1000 சுற்றுக்குக் கீழே முகப்பு விளக்குகளோடு ஓடும்போது, பழைய ஆல்டர்னேட்டர் அந்த அளவைத் தராது, பேட்டரிதான் வடியும். பெட்டியில் எழுதிய 2500 என்பது முன்னால் எந்தத் தடையும் இல்லாமல் திறந்த வெளியில் எடுத்த அளவு. வலையின் வழியாக இழுக்கும்போது அதில் எவ்வளவு மிஞ்சும் என்று பெட்டி சொல்வதில்லை.

கொடை_மலையேறி

ஆல்டர்னேட்டர் பற்றிச் சொன்னது உண்மை. நானும் மின்விசிறியோடு சேர்த்து அதிக ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டரை மாற்றிய பிறகே நிம்மதியாக ஓட்டினேன். முதல் வாரத்தில் மெல்லிய கம்பி போட்டதால் ரிலேயின் அடிப்பகுதி உருகியது. பிறகு 6 சதுர மி.மீ. கம்பியும் 40 ஆம்பியர் ஃபியூஸும் போட்டேன். இந்தச் செலவையெல்லாம் என் முதல் பதிவில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆயினும் ஓர் இடத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஓடையைக் கடக்கும்போது மின்விசிறியை ஒரு சுவிட்சில் நிறுத்திவிடலாம். பம்ப் விசிறி தண்ணீரில் சுற்றினால், தண்ணீரின் எதிர்ப்பு இறக்கைகளை முன்னோக்கி வளைத்து ரேடியேட்டரில் உரச வைக்கும். என் நண்பர் ஒருவரின் ரேடியேட்டரில் அப்படி விழுந்த வட்டக் கீறலை நேரில் பார்த்திருக்கிறேன், தட்டில் முறுக்கு பிழிந்ததைப் போல வரிவரியாக இருந்தது. ஆழமான நீரைக் கடக்கிறவர்கள் அதற்கு முன் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும்.

தகரவேலை

கவுல் செய்வது பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். 20 கேஜ் தகடு போதும். முதலில் வலையின் அளவுக்கு 17க்குப் பதினாறரை என்று ஒரு சட்டம் மடித்து, ரேடியேட்டரின் பக்கத் துளைகளில் உட்காரும்படி காது விடுங்கள். சட்டத்துக்கும் வலைக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப்பைக் கீறி வைத்தால் காற்றும் கசியாது, அதிர்வால் செதிலும் தேயாது. அதன்மேல் பதினேழரை அங்குல உள்விட்டத்துக்கு ஒரு வளையம் பற்றவைக்க வேண்டும். வலையின் அகலமே 17 என்பதால் இரு பக்கமும் கால் அங்குலம் வெளியே பிதுங்கும், அதற்கேற்பச் சட்டத்தைச் சரிவாக விரித்துக்கொள்ளுங்கள்.

வளையத்தின் ஆழத்தில்தான் பலர் தவறுகிறார்கள். இறக்கையின் அகலத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை வளையத்துக்குள் இருக்க வேண்டும், மிச்சம் இன்ஜின் பக்கம் வெளியே தெரிய வேண்டும். முழுவதும் உள்ளே போய்விட்டால் காற்று பக்கவாட்டில் விரிந்து வெளியேற வழியில்லை. மேலும், பெல்ட் மாற்றும்போது முழுக் கவுலையும் கழற்றாமல் இருக்க, வளையத்தை மேல்பாதி, கீழ்ப்பாதி என இரண்டாகப் பிரித்துத் திருகு போடும்படி செய்துவிடுங்கள். மலையில் மழையில் நின்று பெல்ட் மாற்றியவருக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஏலத்தோட்டம்

நாங்கள் அதே பாதையில் மூன்று வண்டிகள் ஓட்டுகிறோம். விசிறி மாற்றுவதற்கு முன் ரேடியேட்டரின் செதில்களைப் பாருங்கள். சருகுத் தூளும் சிவப்பு மண்ணும் கலந்து உள்ளே பிடித்திருக்கும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. பின்னால் ஒரு விளக்கை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் வராத இடமெல்லாம் அடைப்புதான். இன்ஜின் பக்கத்திலிருந்து முகப்பை நோக்கிக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். சர்வீஸ் நிலையத்தின் அழுத்தமான பீச்சில் செதில்கள் படுத்துவிடும்.

போடி_540

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். விளக்கு வைத்துப் பார்த்தபோது வலையின் கீழ்ப்பகுதியில் ஒரு சாண் அகலத்துக்கு இருட்டாக இருந்தது, கழுவிவிட்டேன். 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டாயிற்று. 16 அங்குலத்தில் ஆறு இறக்கை இரும்பு விசிறி கிடைத்தது. நடுத்துளை பெரிதாக இருந்ததால் லேத்தில் ஒரு வளையம் கடைந்து இறுக்கினோம். தகரவேலை நண்பர் சொன்னபடியே கவுலும் செய்தோம்.

ஆனால் நேற்று ஏறியபோது முள் 100இல் நின்றது. முன்பைவிடக் குறைவுதான், எனினும் இவ்வளவு செய்த பிறகு இது போதாது என்று மனம் சொல்கிறது. காற்று ரேடியேட்டரிலிருந்து இன்ஜினை நோக்கித்தான் வருகிறது, திசையில் தவறில்லை. முகப்பு வலையில் ஒரு தாளை வைத்தால் ஒட்டுகிறது, ஆனால் சுற்றைச் சற்றுக் குறைத்தால் நழுவி விழுந்துவிடுகிறது.

பழைய_பொறியாளர்

விசிறி முன்பின்னாக மாறி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு விசிறியை அப்படியே புரட்டி மாட்டினாலும் இறக்கையின் சாய்வு மாறுவதில்லை, அதனால் காற்றின் திசையும் மாறாது. இதனால்தான் பலர் இதைக் கவனிப்பதில்லை. மாறுவது இறக்கையின் வளைவு. இறக்கையின் குழிந்த பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும், புடைத்த பக்கம் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். சுழலும்போது முன்னே வரும் விளிம்பு ரேடியேட்டருக்கு அருகில் இருக்க வேண்டும். புரண்டிருந்தால் காற்று இறக்கையின் முதுகில் ஒட்டாமல் பிரிந்து, விசிறி சத்தம் போடுமே தவிர இழுக்காது.

போடி_540

ஐயா, அப்படியேதான் இருந்தது. கடைந்த வளையத்தைப் பின்பக்கமாகச் சொருகியதால், லேத்திலிருந்து வந்த விசிறி புரண்டு உட்கார்ந்துவிட்டது. வளையத்தை மறுபக்கம் மாற்றி, குழிந்த பக்கம் என்னைப் பார்க்கும்படி இன்ஜின் பக்கம் நின்று ஒவ்வொரு இறக்கையையும் தடவிப் பார்த்துவிட்டே போல்ட் இறுக்கினேன். இப்போது ஐட்லிங்கிலேயே தாள் முகப்பு வலையில் அறைந்ததுபோல் ஒட்டிக்கொள்கிறது.

இன்று காலை ஆறு மூட்டை உரத்தோடும் நான்கு ஆட்களோடும் அதே பாதையில் ஏறினேன். வழக்கமாக நிறுத்தும் பாறைத் திருப்பத்தில் முள் 90ஐத் தொட்டிருந்தது. அங்கிருந்து தோட்டக் கொட்டகை வரை 92க்கு மேல் போகவில்லை. நின்று காத்திருக்கவும் இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருக்கிறது. சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் விசிறியின் இரைச்சல் முன்பைவிடக் கூடுதலாகக் கேட்கிறது. அதோடு ரேடியேட்டர் மூடியும் பழையதாக இருக்கிறது, மாற்ற வேண்டுமா?

பழைய_பொறியாளர்

மகிழ்ச்சி. இரைச்சல் இயல்புதான், 16 அங்குல இறக்கையின் நுனி அந்த வேகத்தில் மிக விரைவாகச் செல்கிறது. மூடியை அவசியம் மாற்றுங்கள். 1400 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் அது 108 வரை தள்ளிப்போகும். ரப்பர் இறுகிப்போன மூடியோடு 92இல் ஓடுவது, கொதிநிலைக்கு மூன்று டிகிரி அருகில் ஓடுவதாகும். உங்கள் வண்டிக்குக் குறித்துள்ள அழுத்தத்திலேயே வாங்குங்கள், அதைவிடக் கூடுதலாக வேண்டாம், பழைய பித்தளைத் தொட்டியின் ஈயப் பற்று தாங்காது.

உசிலை_பட்டறை

விசிறி போல்ட்டுகளை 500 கிலோமீட்டரில் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள், தம்பி. புதிய பெல்ட்டும் அதற்குள் சற்று நீண்டிருக்கும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். விசிறியை நிறுத்திவிட்டு நுனியைப் பிடித்து முன்பின்னாக அசைத்துப் பாருங்கள், கையில் ஆட்டம் தெரிந்தால் பம்ப் பேரிங்கைச் சொல்லி அனுப்புங்கள், நான் எடுத்து வைக்கிறேன்.